பதினோராவது எண்ணுக்குப் பிறகு

பிப்ரவரி 6, 2007, செவ்வாய். மாலை 5.10. ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். பதினோராவது எண்ணுக்குப் பிறகு குறித்துக்கொள்ளாமல் அழுத்திக்கொண்டே போய்விட்டேன். எத்தனை என்று தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவ்வளவையும் எழுதிவிட்டு மெலிண்டா நிமிர்ந்தாள். பனியால் இன்று வகுப்பு ரத்து. டொலீடோ நகரில் மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கூரையும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நிலவறையில் ஹீட்டர் முனகலோடு எழுந்து, தரைத் துளைகள் வழியே பழைய தூசி வாசனையுள்ள சூடான காற்றை ஊதிவிட்டு, மறுபடி அடங்கியது. அது அடங்கும்போதெல்லாம் வீடு எதையோ கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல அவளுக்குத் தோன்றும்.

பழைய ரிமோட்டை அப்பா லெஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆட்டத்தின்போது சுவரில் எறிந்து உடைத்துவிட்டார். அதற்குப் பதிலாக, எந்தப் பெட்டிக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்த ஒரு ரிமோட்டை அவள் மருந்துக்கடையில் வாங்கி வந்திருந்தாள். அதனோடு வந்த மடிப்புத் தாளில் எறும்பு எழுத்தில் நூற்றுக்கணக்கான எண்கள். அவர்கள் வீட்டுக் கேபிள் பெட்டியின் பெயர் மட்டும் அதில் இல்லை. இல்லாதவர்களுக்குத் தாளின் பின்பக்கத்தில் வேறு வழி சொல்லியிருந்தது. சிவப்பு விளக்கு எரியும்வரை செட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மேல் அம்பை அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஓர் எண் போகும். பெட்டி எப்போது அணைகிறதோ, அந்த நொடியே மறுபடி செட் பொத்தானை அழுத்தினால் அந்த எண் ரிமோட்டில் பதிந்துவிடும். அதன் பிறகு மேல் அம்பு அடுத்த சேனலுக்கும் கீழ் அம்பு முந்தைய சேனலுக்கும் போகும்.

சிக்கல் பெட்டியில் இருந்தது. அது எதையும் உடனே செய்வதில்லை. எட்டு முறை அழுத்தினால் எட்டையும் எங்கோ அடுக்கி வைத்துக்கொண்டு, ஆள் அலுத்துப்போய்க் கையை எடுத்த பிறகு ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும். நடுவில் நிறுத்தவும் முடியாது. அதனால்தான் மெலிண்டா ஒவ்வொரு அழுத்தலுக்கும் பத்து நொடி விட்டு, நோட்டில் ஒரு கோடு போட்டாள். பதினோரு கோடு வரை.

"என்னடி லிண்டி, ராக்கெட்டா விடுற? டி.வி. தானே?"

லெஸ்டர் சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் கிடந்தார். மடியில் தக்காளி சூப். பக்கவாட்டில் வாக்கர். அக்டோபரில் பக்கவாதம் வந்ததிலிருந்து அது இல்லாமல் அவரால் இரண்டு அடி வைக்க முடியாது.

"பெட்டி ரொம்ப ஸ்லோ, அப்பா. பொறுமையாத்தான் பண்ணணும்."

"நீ கோடு போடுற நேரத்துல நான் ஃபாக்டரில நாப்பது பாட்டில் அடுக்கியிருப்பேன்."

"அப்போ நீங்களே பண்ணுங்க."

"நான் பண்ணா இதுவும் பறக்கும். செவுத்துல ஒரு ஓட்டை போதும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பில் கை வேகமானது. நாளை காலை பத்து மணிக்கு அக்கா பவுலா வருகிறாள், முதியோர் இல்லத்தின் தாள்களோடு. "நீ வேலைக்கும் போற, கிளாஸுக்கும் போற, அவர் தனியா கெடக்குறாரு. ஒரே ஒரு தடவை ஏதாவது ஆகட்டும் லிண்டி, அப்புறம் நான் உன்னைக் கேக்கவே மாட்டேன்" என்று போன வாரம் சொல்லியிருந்தாள். அவள் வரும்போது வீடு ஒழுங்காக இருக்க வேண்டும். அப்பா தன் நாற்காலியில், தன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, நன்றாக இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அவரை இங்கேயே வைத்துக்கொள்ள மெலிண்டாவிடம் அதைத் தவிர வேறு வாதம் இல்லை.

அந்த அவசரத்தில்தான் எண்ணிக்கை தவறியது. எழுதி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அழுத்தல், பத்து நொடி, கோடு. அப்பா ஃபாக்டரிக் கதை ஒன்றைத் தொடங்கியிருந்தார்.

"அந்த ஃபோர்மேன் டிபன் டப்பாவைத் தொறக்குறான். எல்லாரும் சுத்தி நிக்கிறோம். உள்ள பாத்தா, என்னோட—"

நின்றுவிட்டார்.

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வானிலைக்காரி ஏரியின் மேல் கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாய் பாதி திறந்திருந்தது, அடுத்த சொல்லின் வடிவத்தில். கரண்டி சூப்புக்கு மேலே அந்தரத்தில். கரண்டியின் நுனியில் ஒரு சிவப்புத் துளி திரண்டு, கனத்து, விழுந்தது. கரண்டி அசையவில்லை.

அணைந்ததும் செட் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் யோசிப்பதற்குள் கட்டைவிரல் அழுத்திவிட்டது. ரிமோட்டின் விளக்கு இரண்டு முறை பச்சையாகச் சிமிட்டியது. பதிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அப்பா?"

தோளைப் பிடித்து உலுக்கினாள். சூப் போர்வையில் கொட்டியது. அவர் உடல் விறைக்கவுமில்லை, தொய்யவுமில்லை. மேசையை உலுக்குவதுபோல் இருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். காற்று இல்லை. கண்கள் திறந்திருந்தன. அவற்றில் டி.வி.யின் நீல வெளிச்சம் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது.

ரிமோட் கையிலேயே இருந்தது. பவர் பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. பிறகு மேல் அம்பை. மேல் அம்பை, மேல் அம்பை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகாதபோது எல்லோரும் அழுத்துவதைப்போல, இன்னும் பலமாக, இன்னும் வேகமாக. பிறகு அதைச் சோபாவில் எறிந்துவிட்டு, அவர் நாற்காலியருகே இருந்த டெலிபோனை எடுத்து அவசர உதவி எண்ணை அழுத்தத் தொடங்கினாள். ஒன்பது. ஒன்று.

"—பல்லு செட்டு!" என்றார் லெஸ்டர். தன் கதைக்குத் தானே இருமும்வரை சிரித்தார். பிறகு மடியைப் பார்த்தார். "எவன்டா இதைக் கொட்டுனது? ஏய், ஏன்டி அழுவுற?"

மெலிண்டா டெலிபோனை வைத்தாள். தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தக்காளியும் கம்பளியும் ஷேவிங் சோப்பும் கலந்த அவருடைய வாசனை. அவர் கை அவள் தலைமேல் வந்தது.

"ஒண்ணும் இல்லடி பைத்தியம். டி.வி. பாக்காட்டி செத்தா போயிடுவேன்? பவுலா வந்தா நான் பேசிக்கறேன். அவ கொண்டு வர பேப்பர்ல அவளுக்கே ஒரு பிளேன் செஞ்சு—"

தலைமேல் இருந்த கை எடுக்கப்பட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் முகம் அழுதுகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், கன்னம் நடுங்க, ரொம்ப நேரமாக அழுதுகொண்டிருக்கும் ஒருவரின் அழுகை. அந்த அழுகை அவளுக்குத் தெரியாது. அம்மா இறந்தபோதுகூட அவர் இப்படி அழவில்லை. வேறு யாரோ அவர் கண்களால் அழுதார்கள்.

இரண்டு நிமிடம். பிறகு அழுகை, குழாயை மூடியதுபோல் நின்றது.

அடுத்தவர் சிரித்தார். அவளைப் பார்த்து அல்ல. அவளுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்து. மெலிண்டா திரும்பினாள். சுவரும் அதிலிருந்த ஓட்டையும்தான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எதுவும் முடியவில்லை. மேல் அம்பில் அவள் அழுத்தியவை, ஒவ்வொன்றும் ஓர் ஆளாக, அப்பாவுக்குள் வந்துகொண்டிருக்கின்றன.

சோபாவுக்கு ஓடினாள். ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றிப் பேட்டரிகளைப் பிடுங்கினாள். பிடுங்கும்போதே அது வீண் என்று தெரிந்தது. போனவை போய்விட்டன. எங்கோ அடுக்கப்பட்டிருக்கின்றன. எத்தனை? மேல் அம்பை எத்தனை முறை? ஒன்பதா? பன்னிரண்டா? கட்டைவிரலைப் பார்த்தாள். அதற்குத் தெரியவில்லை.

நோட்டை எடுத்தாள். அழுதவர், ஒன்று. சிரித்தவர், இரண்டு. கோடு போட்டாள்.

மூன்றாமவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, போர்வையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏழு நிமிடம். நான்காமவர் வாய் மட்டும் அசைந்தது. பதினைந்து நிமிடம். பெட்டி இன்னும் மெதுவாகிக்கொண்டிருந்தது. வெளியே வெளிச்சம் போய்விட்டது. விளக்கைப் போட அவள் எழவில்லை.

டெலிபோன் அடித்தது. அவள் எட்டுவதற்குள் நாற்காலியிலிருந்து கை நீண்டு எடுத்துவிட்டது. ஐந்தாமவர்.

"சொல்லும்மா, பவுலா." இதமான, ஈரமான குரல். "ரொம்ப நல்லா இருக்கேன். உன் தங்கச்சி என்னைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறாங்க." எதிர்முனையைக் கேட்டார். தலையாட்டினார். "அப்படியா? பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவா? அப்போ கண்டிப்பா கூட்டிட்டு வா. ரெண்டு பேரையும். நான் பாக்கணும்." டெலிபோனை அவளிடம் நீட்டினார். "உங்ககிட்ட பேசணுமாம்."

அப்பா அவளை ஒருநாளும் நீங்க என்றதில்லை.

"லிண்டி!" பவுலாவின் குரல் தளும்பியது. "அப்பா எவ்வளவு நல்லா பேசுறாரு! ஒரு கெட்ட வார்த்தை இல்ல. சரி, நீ ஜெயிச்சே. பேப்பரெல்லாம் வேணாம். நாளைக்குச் சும்மா வரோம், பிள்ளைங்களோட. தாத்தாவே கூப்புட்டுட்டாரே."

"அக்கா, வராதே."

"என்னது?"

"பனி... ரோடு சரியில்ல. வராதே, ப்ளீஸ்."

"காலைல ரோட்டுப் பனியைத் தள்ளிடுவாங்கடி. உனக்கு எப்பவும் ஒரு—"

அவள் கையிலிருந்து டெலிபோன் மெதுவாக, மரியாதையாக, உருவி எடுக்கப்பட்டது. "பத்து மணிக்குக் காத்துட்டு இருப்போம்" என்றார் ஐந்தாமவர். வைத்தார். பிறகு டெலிபோனின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, விரலில் நிதானமாகச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டார்.

ஓடிவிடலாம். எதிர்வீடு முப்பது அடி தூரம். ஆனால் அது அப்பாவின் கை. நகத்தில் ஃபாக்டரியில் நசுங்கிய கறுப்பு. அடுக்கில் கடைசி அழுத்தல் வந்து முடிந்த பிறகு கீழ் அம்பை அதே எண்ணிக்கையில் அழுத்தினால், ஒவ்வொரு படியாக இறங்கி அவரிடம் வந்து சேரலாம். ஒன்று கூடினாலும் அவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். யாராவது இங்கே இருந்து எண்ண வேண்டும். பேட்டரிகளைத் திரும்பப் போட்டாள். ரிமோட்டின் பொத்தான்களைத் தொடாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

ஏழு ஐம்பது.

ஆறாமவர் வந்தது முகத்தில் தெரியவில்லை. முகத்தில் எதுவுமே தெரியவில்லை. வாடகைக்கு விட்டிராத வீடு மாதிரி இருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை.

எழுந்தது.

வாக்கர் இல்லாமல். நேராக. போர்வை காலடியில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டு சமையலறைக்குள் போனது. இருட்டில் மரம் தரையில் உரசும் சத்தம். ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தது. சாய்வு நாற்காலிக்கு எதிரே வைத்தது. திரும்பிப் போனது. இன்னொன்று.

மெலிண்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது நாற்காலி. முழங்கால்கள் முட்டும் அளவுக்கு நெருக்கமாக. ஒன்று பவுலாவுக்கு. இரண்டு சின்னவர்களுக்கு. அது தள்ளி நின்று பார்த்தது. கடைசி நாற்காலியில் திருப்தி இல்லை. சோபாவிலிருந்து தலையணையை எடுத்து அதன்மேல் போட்டது. சின்னது எட்டவேண்டும். முகம் முகத்துக்கு நேராக வரவேண்டும். குனிந்து, தன் முகத்தை அந்த உயரத்துக்கு இறக்கிச் சரிபார்த்தது.

பிறகு உட்கார்ந்தது. கதவைப் பார்த்தபடி. மூன்று காலி நாற்காலிகளுக்கு எதிரே, கைகளை முழங்காலில் வைத்து, ஆள் வந்ததும் எழத் தயாராக.

டி.வி.யின் நீலம் அதன் பற்களில் ஓடியது. எப்போது வாயைத் திறந்தது என்று அவள் பார்க்கவில்லை.

அவள் நோட்டை முழங்காலில் வைத்து, பார்க்காமலே எழுதினாள்.

வந்தவை ஆறு. பாக்கி: மூன்றிலிருந்து ஆறு வரை, சரியாகத் தெரியாது. நாளை புதன். பத்து மணிக்கு முன் அப்பாவைத் திரும்ப இறக்க வேண்டும். கீழ் அம்பு. ஒவ்வொன்றாக. எழுதிக்கொண்டு.