எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்

சமையலறையில் தங்கை முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது. மூச்சு வாங்குவதற்கான இடம்கூட இல்லை அது. அடுப்பில் பால் கொதிக்கும் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருக்க, மூத்தவள் பல்லைக் கடித்தபடி கணினித் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். 'தங்கை பாடுவது தேவையில்லை' என்று வாடிக்கையாளர் அனுப்பியிருந்த திருத்தத்தை அப்போதுதான் செய்து முடித்திருந்தாள்.

அடுத்தவர் பெயரில் வெளியாகும் கதைகளை எழுதிக்கொடுப்பது அவள் பிழைப்பு. இந்த வாடிக்கையாளர் முகத்தைக்கூடக் காட்டியதில்லை. "பாத்திரமெல்லாம் உயிரோட இருக்கணும்மா" என்று போனில் சொன்னதோடு சரி. கதைக்கு ஆள் கிடைக்காத அவசரத்தில், கூட இருக்கும் தங்கையையே அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். அந்தப் பாட்டு, வாயாடித்தனம், தாடை மச்சம், எல்லாம். அவளை ஓயாமல் திட்டும் அக்காவாகத் தானும் உள்ளே நுழைந்துகொண்டாள். இன்று காலையிலிருந்து அந்த மனிதர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். 'மச்சம் உறுத்துகிறது.' சரி, அதையும் வெட்டித் தொலைத்தாள்.

தங்கை டீயோடு வந்து நின்றாள். "அக்கா, நான் ஏதோ பாடிட்டிருந்தேன்ல? என்ன பாட்டுக்கா அது?"

"தலைக்கு மேல வேலை கிடக்கு. போடி அந்தப் பக்கம்!"

திரும்பியவளின் தாடை ஜன்னல் வெளிச்சத்தில் மொழுமொழுவென்றிருந்தது. பவுடர் போட்டிருப்பாள்.

அடுத்த திருத்தங்கள் வந்தன. பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடுகள். மூத்தவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இரவு பகலாகக் கண்விழித்து எழுதியதை இப்படியா குதறுவான் ஒருத்தன்? ஒவ்வொன்றாகப் படித்தால் ரத்தம்தான் கொதிக்கும். படிக்காமலே 'எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்' என்பதை அழுத்தி, அனுப்பியும் விட்டாள்.

சமையலறையில் எதுவோ விழுந்து உருண்டது.

பால் தீயும் வாடை.

"ஏய், அடுப்பைப் பாருடி!"

எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவளிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. மூத்தவளின் கை தானாகத் திருத்தங்களைப் புரட்டியது.

'தங்கை அதிகம் பேசுகிறாள். வாய் வேண்டாம்.'

'கண்களும் வேண்டாம்.'

அழித்த வரிகளைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி தட்டினாள். வரவில்லை. சுவரைத் தடவியபடி எதுவோ கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளருக்குப் போன் போட்டாள்.

"யோவ்! என் தங்கச்சியை என்னய்யா பண்ணின? பழையபடி மாத்து. மாத்தலைன்னா உன்னைக் கொன்னே போட்டுடுவேன்!"

"இப்பதாம்மா கதை சரியா வந்திருக்கு," என்றார் வாடிக்கையாளர் பொறுமையாக. "அந்த அக்காதான் கொஞ்சம் உறுத்துது. ரொம்பக் கோபப்படறா. தங்கச்சி மேல பாசம் வேற. ரெண்டையும் நானே எடுத்துடறேன்."

திரையில் ஒரு பத்தி மறைந்தது.

தங்கை தடவித் தடவி வந்து அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் இருந்த இடத்தில் வெறும் தோல். வாய் இருந்த இடத்தில் அந்தத் தோல் உள்ளே போய் வெளியே வந்தது. உள்ளே போய் வெளியே வந்தது.

மூத்தவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்துவிட்டாள்.

"சரிங்க சார்," என்றாள் போனில். "வேற ஏதாவது திருத்தம் இருக்கா?"