பின்னாடி வர்றேன்

வேனின் சாவி அம்மாவின் சட்டைப் பையில் இருந்தது. வேனுக்குள் யாரும் இல்லை. ஆனாலும் வேன் பேசியது.

"பின்னாடி வர்றேன். தள்ளிக்கோங்க."

பெண் குரல். அமைதியான குரல். காலை ஒன்பது மணிதான். ஆனால் பட்டறைக்குள் மூடுபனி புகுந்திருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நட்டுவின் கை ரோமம் சிலிர்த்து நின்றது.

நட்டு என்பது, இந்தப் பள்ளி வேனை ஓட்டும் வேன் மாமா அவளுக்கு வைத்த பெயர். மெக்கானிக் அம்மாவின் மகள். வயது பத்து. ஆளும் சின்னவள். வேறென்ன பெயர் வைப்பார்?

அந்தக் குரல் வேன் அத்தையுடையது. மாமாவின் மனைவி. பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். வேன் பின்பக்கமாக வரும்போது ஒலிப்பதற்காக, பின் பம்பருக்குள் மாட்டிய ஒரு சின்னப் பெட்டியில் தன் குரலைப் பதிவு செய்து வைத்தார். போன வருடம் அத்தை இறந்துபோனார். பெட்டி தொடர்ந்து பேசியது.

வியாழக்கிழமை வரை யாரும் அதற்குப் பயந்ததில்லை.

அன்று மாலை நான்கு பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கி நடந்தார்கள். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "பின்னாடி வர்றேன்." திரும்பிப் பார்த்தார்கள். வேன் நின்ற இடத்திலேயே நின்றது. மாமா எதிர்க் கடையில் இருந்தார். நான்கு பேரும் ஓடிய ஓட்டத்தில் தொலைந்த ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் குரல் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு வேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பெட்டிக்குள்ள தண்ணி இறங்கியிருக்கு. உள்ள தனி பேட்டரி வேற. வண்டி வயரை எடுத்தாலும் பேசும். கழட்டித்தான் ஆகணும்."

"கழட்டிடு தங்கச்சி" என்றார் வேன் மாமா.

"ஒரு போல்ட் வந்துடுச்சு. இன்னொண்ணு தலையே உருண்டையா இருக்கு. ஸ்பேனர் வழுக்குது. எந்த மகராசன் அதை இப்படிக் கடிச்சு வச்சானோ!"

மாமா தரையைப் பார்த்தார்.

"நான்தான். வியாழக்கிழமை ராத்திரி. கட்டிங் பிளேயரால திருகினேன்."

"ஏண்ணே, சரியான ஸ்பேனர் இல்லையா?"

"தேட எங்க தோணுச்சு? கையில கிடைச்சதை எடுத்தேன்." மாமா குரலைத் தாழ்த்தினார். "இருபது வருஷம் கூட இருந்தவ. அவ குரலுக்கே பயந்துட்டேன்."

வேன் மறுபடி பேசியது.

அம்மா போல்ட்டில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். இடுக்கியால் பிடித்தாள். வழுக்கியது. மறுபடி பிடித்தாள். மறுபடி வழுக்கியது. கடைசியில் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தாள்.

"அறுத்துடலாம். ஆனா பெட்டி பிளாஸ்டிக். சூட்டுல உருகிடும். குரலை வேற எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

"போன்ல பிடிச்சுப் பார்த்தேன். கொரகொரன்னு கேக்குது. அது அவ இல்ல." மாமா கண்களை மூடினார். "பரவால்ல, அறு. பசங்க பயப்படக் கூடாது."

"அம்மா, இரு" என்றாள் நட்டு. "தலை தேஞ்சு சின்னதாயிடுச்சு இல்ல? பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் வழுக்கினா, அதை விடச் சின்ன பன்னெண்டாம் நம்பர் சாக்கெட்டை மூடி மாதிரி தலை மேல அடிச்சு ஏத்து. இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"பிடிக்கும். அடிக்கிற அடியில பின்னாடி இருக்கிற பெட்டி நொறுங்கும்."

"பெட்டிக்குப் பின்னாடி மெத்து மெத்துன்னு ஏதாவது திணிச்சா?"

"அந்தச் சந்துல என் கை போகாது."

நட்டு தன் கையைப் பார்த்தாள்.

"பார்க்காதே" என்றாள் அம்மா.

"திணிச்சுட்டு எடுத்துடுவேன்."

அம்மா யோசித்தாள். "அஞ்சு விரலையும் எண்ணிப் பார்த்துட்டுத்தான் அடிப்பேன்."

நட்டு தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றிச் சுருட்டினாள். தரையில் படுத்து, பம்பருக்குப் பின்னால் கையை விட்டாள். உள்ளே இருட்டு. ஈரம். முழங்கை போனது. தோள் வரை போனது. விரல்கள் பெட்டியைத் தொட்டன.

பெட்டி அதிர்ந்தது.

"பின்... னா... டி... வர்... றேன்..."

காதுக்குப் பக்கத்தில். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, இழுத்து இழுத்து. நட்டுவின் கால்கள் தாமாகவே வெளியே நகரத் தொடங்கின. கை மட்டும் உள்ளே இருந்தது.

அவள் குல்லாயை இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்க அத்தை" என்றாள். "கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். கொஞ்சம் சத்தம் போடுவாங்க. பயப்படாதீங்க."

குல்லாயைத் திணித்தாள். கையை உருவினாள்.

அம்மா ஐந்து விரல்களையும் எண்ணினாள். சுத்தியல் இறங்கியது. டங். டங். டங். சாக்கெட் போல்ட்டைக் கவ்வியது. அம்மா கைப்பிடியைப் பிடித்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டு இழுத்தாள்.

வீல் என்று ஓர் அலறல் பனிக்குள் பாய்ந்தது. மாமா பின்வாங்கி, பழைய டயர் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"துருண்ணே, துரு" என்றாள் அம்மா. "போல்ட் சுத்துது."

பெட்டி நட்டுவின் கைகளில் வந்து இறங்கியது. ஒரு கீறல் இல்லை. அவள் சாய்த்தாள். ஒரு கரண்டி அளவு தண்ணீர் வடிந்தது. பேட்டரியை எடுக்க அம்மா கை நீட்டினாள். அதற்குள் பெட்டி பேசிவிட்டது. இம்முறை தெளிவாக.

"பின்னாடி வர்றேன். தள்ளிக்கோங்க."

அதோடு முடியவில்லை. ஒரு மூச்சு நேரம் இடைவெளி. பிறகு அதே குரல், மிக மெதுவாக. என்ஜின் சத்தத்திலும் பம்பரின் மறைவிலும் இத்தனை நாள் யார் காதிலும் விழாத ஒன்று.

"ஏங்க, பதிவாயிடுச்சா?"

அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

மாமா எழுந்து வந்தார். நட்டுவின் கையிலிருந்த பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

"ஆயிடுச்சு" என்றார். "நல்லா ஆயிடுச்சு."

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

"தங்கச்சி, வேன்ல வேற ஏதாவது பீப்பீ மாட்டிடு. இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். இதுக்கு எந்த பேட்டரி போடணும்?"