வீராயிக்கு எடுத்த சேலை

பேராதனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஹந்தானை மலைப்பக்கம் ஏறும் ரோட்டில் கால் மணி நேரம் நடந்தால் அந்தப் பழைய பங்களா வரும். ஒரு காலத்தில் யாரோ ஒரு துரை கட்டியது. இப்போது பழைய கடிதங்களையும் படங்களையும் பாதுகாக்கும் சின்ன நிறுவனம் ஒன்று அதை வாடகைக்கு எடுத்திருக்கிறது. பிரேமிளாவுக்கு அங்கே இரண்டு வருடமாக வேலை. புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வருகிறவளுக்கு அந்த வீட்டின் அமைதி பிடிக்கும். மரத்தரை, உயரமான கூரை, மழை நாளில் சுவரிலிருந்து வரும் பாசி மணம், எதையும் அவள் பயத்தோடு பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் வந்தாள். குடையை விறாந்தையில் விரித்து வைத்துவிட்டு உள்ளே போனால், கூட வேலை செய்யும் அக்குறணைக்காரி ருஷ்தா மேசை மேல் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஐரோப்பிய நகரம் ஒன்றின் அருங்காட்சியகம் அனுப்பிய பெட்டி. நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னால் இலங்கையிலிருந்து யானைகளோடு சேர்த்து மனிதர்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோய், வேலி கட்டி, டிக்கெட் போட்டு அங்கே வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். அப்படிப் போன ஒருத்தியின் முகத்தில், உடைந்த கைக்குப் போடுகிற பிளாஸ்டர் சாந்தைப் பூசி எடுத்த அச்சு உள்ளே இருந்தது. வாரிசுகள் கேட்டால் இலங்கையிலேயே வைத்துக்கொள்ளலாம், சம்மதித்தால் திரும்ப எடுத்துக்கொண்டு காட்சிக்கு வைப்போம், சம்மதிக்கும் குடும்பத்தில் ஒருவரைத் திறப்பு விழாவுக்கு அழைப்போம் என்று கடிதத்தில் இருந்தது. பொருளைத் தூக்கிக்கொண்டு போனவன் கொள்ளுப்பேரன் காலத்தில் வந்து அனுமதி கேட்கிற மரியாதை அது.

துணியை விலக்கினார்கள். வெள்ளை முகம். மூடிய கண்கள். இறுக்கி மூடிய உதடுகள். சாந்து பூசியபோது மூச்சு விடுவதற்காக மூக்கில் செருகிய குழாய்களின் தடம் இரண்டு சின்ன ஓட்டைகளாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் நேற்று வெள்ளையடித்த வீட்டைப் போல ஈரச் சுண்ணாம்பு மணம் வந்தது.

கூடவே வந்த பழைய குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை ருஷ்தா வாசித்தாள். பெயர் வீராயி. வயது பத்தொன்பது. புசல்லாவைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். சாந்து பூசிக் கொஞ்ச நேரத்தில் திமிறினாள். கூட வந்த அண்ணன் கறுப்பண்ணன் கங்காணி அவள் கைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அச்சு நன்றாக விழுந்தது. சாந்தை எடுத்தபோது பெண்ணுக்கு மூச்சு இல்லை.

ருஷ்தாவின் குரல் அதோடு நின்றது. பிரேமிளா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கறுப்பண்ணன் கங்காணி அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் நிற்கும் படத்துக்குத்தான் அவர்கள் வீட்டில் இன்றைக்கும் மாலை விழுகிறது. சீமைக்குப் போய் ராஜாவைப் பார்த்து வந்தவர் என்று பேர். கூடப் போன தங்கச்சி அங்கேயே ஒரு துரையைக் கட்டிக்கொண்டு ராசாத்தி மாதிரி வாழ்ந்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. வாழ்கிறவளுக்காக யார் அழுவார்கள்? யாரும் அழவில்லை. கருமாதி இல்லை, படையல் இல்லை, வருடாவருடம் வீட்டில் செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அந்த ஒரு பேரை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை.

மூன்று மணிக்கு மழை வலுத்து, கரண்ட் போனது. ருஷ்தா பின்னறையில் தொழுதுகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலையை மூடிய பனிப்புகார் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. பிரேமிளா பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் வேறொரு சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். நாணல் குழாய்க்குள் காற்றுப் போய் வருகிற மாதிரி.

முகத்தின் மேல் போட்டிருந்த துணியைப் பார்த்தாள்.

மூக்கு இருக்கும் இடத்தில் துணி ஈரமாகியிருந்தது. இரண்டு வட்டம்.

உள்ளே இழுத்தது. வெளியே விட்டது.

எழுந்து ஓடத்தான் நினைத்தாள். ஆனால் தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பயத்தைவிடப் பெரிதாக ஒரு துக்கம் வந்தது. பத்தொன்பது வயதுப் பெண் மூச்சுக்குத் துடிக்கிறாள், கூடப் பிறந்தவனே கையைப் பிடித்து அமுக்குகிறான். பிரேமிளா தன்னை மறந்து குனிந்தாள்.

“வீராயி, வீட்டுக்கு வா,” என்றாள். மூன்று முறை சொன்னாள்.

அதுதான் அவள் செய்த தப்பு. அவர்கள் குடும்பத்தில் செத்த பெண்ணை அப்படிச் சும்மா கூப்பிடுவதில்லை. விளக்கு ஏற்றி, இலை போட்டு, புதுச் சேலை விரித்து, கூட்டிப்போக ஆள் தயாராக நின்றால்தான் பேர் சொல்வார்கள். கூப்பிட்டுவிட்டு விட்டுப்போவது பெரிய பாவம். வாய் தவறியது உறைத்ததும் பிரேமிளா அவசரமாக, வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று சேர்த்துக்கொண்டாள்.

மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கங்காணி படத்தின் மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அந்த முகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவில் வைத்து ஒரு தரமாவது அழ வேண்டும் என்றாள். அண்ணன் மோகனராஜ் கடிதத்தின் நகலை வாங்கி இரண்டு தடவை வாசித்தான். சின்ன வயதில் ஆறு பெருகிய நாளில் பிரேமிளாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனவன் அவன். அண்ணன் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

“நம்ம வீட்டுப் பொண்ணு. நாமதானே கூட்டிட்டு வரணும்,” என்றான். “வெள்ளிக்கெழம நானே வேன் கொண்டு வர்றேன். நீயும் அம்மாவும் போய் நல்ல சேலையா எடுங்க.”

அந்தப் பேச்சில் பிரேமிளாவுக்குக் கண் கலங்கியது. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கண்டி டவுனுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, அரக்குச் சிவப்பில் தங்கநிறக் கரை போட்ட சேலை ஒன்று எடுத்தாள். அம்மா அதை மடியிலிருந்து இறக்காமலே பஸ்ஸில் வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பங்களா மேசை வெறுமையாக இருந்தது. ருஷ்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒங்கட நானா மோகனராஜ் நேத்து வந்த,” என்றாள். “குடும்பத்துல மூத்த ஆம்புளை நான்தான், எல்லாருக்கும் சம்மதம்னு சொல்லி கையெழுத்து வெச்சிட்டு போன. ஒங்களுக்கும் தெரியும்னுதான் நாங்க நெனச்ச. பின்னேரமே பெட்டி போயிட்டு.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “பெட்டிய தூக்கக்குள்ள ஒண்டுமே பாரமில்ல பிரேமி. வரக்குள்ள ரெண்டு பேர் தூக்கின பெட்டி அது,” என்றாள்.

மோகனராஜ் அன்றைக்கு வேன் கொண்டுவரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் வைத்துக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டான். திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தால் விசா சுலபம், ஒரு தடவை காலை வைத்துவிட்டால் அங்கேயே வேலை பார்த்துக்கொள்ளலாம், இந்த மலையில் கிடந்து என்ன ஆகப்போகிறது என்று நிறையச் சொன்னான். எல்லாம் சரியான நியாயங்கள்தான். நம்ப வைத்துக் கழுத்தறுக்கிறவனிடம் எப்போதும் நியாயத்துக்குப் பஞ்சமிருக்காது.

“நான் அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேண்ணே,” என்றாள் பிரேமிளா.

“செத்தவளுக்கு எங்க இருந்தா என்ன?”

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பிரேமிளாவுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. சேலை எடுக்கப் போங்கள் என்று அவன் அனுப்பியதே தங்களை வழியிலிருந்து விலக்கத்தான் என்பது இப்போதுதான் புரிந்தது. பங்களாவில் அந்த மேசைப் பக்கமே அவளால் போக முடியவில்லை. அங்கே மறுபடி மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. சுண்ணாம்பு மணம் மட்டும் இப்போது அவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அண்ணன் நடந்துபோன இடமெல்லாம் அது கொஞ்ச நேரம் தங்கி நின்றது.

அவனுக்கு விசா வந்தது. பயண நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் அமைந்தது. அந்த நாளிலேயே வீராயிக்குப் படையல் போடுவோம், முகம் இல்லாவிட்டாலும் பேர் இருக்கிறதே என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னாள். படையலுக்கு இருந்துவிட்டுப் போகிறேன் என்ற மோகனராஜ், காலையில் சொல்லாமலே பையைத் தூக்கிக்கொண்டு கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்டுவிட்டான்.

பின்னேரம் நாலு மணிக்கு சாமி அறையில் விளக்கேற்றி, இலை போட்டு, பலகை மேல் சேலையை மடிப்புக் கலையாமல் வைத்தார்கள். ஜன்னலைக் கொண்டி போட்டார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிடும் நேரத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் உள்ளே நிற்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு அம்மாவும் மகளும் முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள். பேரை இனித்தான் கூப்பிட வேண்டும். பிரேமிளாவுக்கு வாய் எழவில்லை. ஒரு தடவை கூப்பிட்டு ஏமாற்றியவள், எந்த முகத்தோடு மறுபடி கூப்பிடுவாள்?

அப்போது ஃபோன் அடித்தது. மோகனராஜ். குரல் வெளியே வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

“பிரேமி. இங்க கவுண்டர்ல, கூட வந்தவங்க பாஸ்போர்ட் எங்கன்னு கேட்டாங்க.”

“யாரு கூட வந்தது?”

“யாருமில்ல. நான் மட்டும்தான்.” பின்னால் விமான அறிவிப்பு ஒலித்தது. “என் எடது கைய யாரோ புடிச்சிருக்காங்க. கண்ணுக்குத் தெரியல. வெரல் வெரலா ஒறைக்குது. காலையில பஸ் ஏறுனதுல இருந்து விடவே இல்ல.”

பிரேமிளா ஃபோனைக் காதோடு அழுத்தினாள்.

“நீ கூப்பிட்டுத்தானே அவ வந்தா. திரும்பக் கூப்பிடு. ஒன் கால்ல விழறேன்.”

விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வேன் கொண்டு வருகிறேன் என்றவன் இதையும் அனுபவிக்கட்டும் என்று அவள் மனசார நினைத்தாள். ஆனால் ஃபோனில் அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. தோளில் தூக்கிப்போனவன். அவள் சாமி அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே மூன்று முறை கூப்பிட்டாள்.

“வீராயி, வீட்டுக்கு வா.”

ஃபோனில், “விட்டுருச்சி,” என்று ஒரு பெருமூச்சு. உடனே அழைப்பு நின்றது. அம்மா எப்படி இருக்கிறாள் என்றுகூட அவன் கேட்கவில்லை.

மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

குழாய்க்குள் போய்வரும் மூச்சில்லை. தண்ணீருக்குள் முங்கியவள் மேலே வந்ததும் வாயைத் திறந்து இழுக்கிற நீண்ட, முழு மூச்சு.

பிறகு துணி உதறும் சத்தம்.

அம்மா எழப் பார்த்தாள். பிரேமிளா அவள் முழங்காலில் கையை வைத்துத் தடுத்தாள். கால் மணி நேரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து கதவைத் திறந்தார்கள். விளக்கு எரிந்தது. இலையில் சோறு வைத்தபடியே இருந்தது. ஜன்னல் கொண்டி போட்டபடியே இருந்தது. பலகை மேல் சேலையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் வெள்ளைத் தூள் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். நூற்று நாற்பது வருடமாக யாரும் அழாத அழுகையை ஒரு மணி நேரம் அழுதாள். பிரேமிளாவும் கூட அழுதாள். கடைசியில் மனம் கொஞ்சம் லேசானது. அண்ணன் வாக்குத் தவறினாலும் தான் தவறவில்லை, பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள், உடுத்திக்கொண்டாள், இனி அமைதியாக இருப்பாள் என்று நம்பினாள். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் மாலை மோகனராஜிடமிருந்து ஒரு படம் வந்தது. பெரிய கல் கட்டடம், படி முழுக்கப் பனி, புது ஜாக்கெட்டில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவன். நேற்றைய நடுக்கத்தின் சாயல்கூட முகத்தில் இல்லை. கீழே எழுதியிருந்தான்: “அம்மாகிட்ட காட்டு. இங்க சரியான குளிர். கையுறை போட்டும் எடது கை மட்டும் வெறச்சிப்போச்சி.”

பிரேமிளா படத்தைப் பெரிதாக்கினாள்.

அவனை ஒட்டி ஒரு பெண் நின்றாள். முக்காடு கண்வரை இறங்கியிருந்தது. அரக்குச் சிவப்புச் சேலை, தங்கநிறக் கரை, கடையில் மடித்த கோடுகள்கூட இன்னும் போகவில்லை. அவனுடைய இடது கையை அவள் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் தங்கவில்லை. சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

உள்ளேயிருந்து அம்மா, அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டானா என்று கேட்டாள். சேர்ந்துவிட்டான் என்றாள் பிரேமிளா. அந்தப் பேரை இன்னும் மூன்று முறை சொன்னால் அண்ணன் கையிலிருந்து அந்தப் பிடி விட்டுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட மனம் வரவில்லை.