காயாத மாவுப் பாதங்கள்

அரிசிமாவு காய்ந்தால் வெளுத்து உதிரும். கூடத்தில் பூர்ணிமா காலையில் பதித்த குட்டிப் பாதங்களோ, ஜெயந்த் ஆபீஸிலிருந்து திரும்பிய அந்திவேளையிலும் ஈரமாகவே இருந்தன. குனிந்து தொட்டான். பச்சைமாவு வாசனையோடு, குழந்தை பால் கக்கிய துணியின் புளிப்பும் சேர்ந்து வந்தது. அந்த வாசனை இந்த வீட்டை விட்டுப் போய் நான்கு மாதமாகிறது.

பத்து மாதக் குழந்தை. எழுந்து நிற்கக்கூடப் பழகவில்லை, பாவம். ஆனி மாதக் காய்ச்சல் ஒன்று கொண்டுபோய்விட்டது. பூர்ணிமா அதோடு பேச்சை விட்டாள். வாயால் சொல்ல முடியாத துக்கத்தைக் கையாலாவது இறக்கி வைக்கட்டும், வரையச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். ஓவியக் கல்லூரியில் படித்தவள்தானே! அவள் தூரிகையைத் தொட்ட அன்றுதான் ஜெயந்துக்கு உயிரே வந்தது. இவளையும் இழந்துவிடுவோமோ என்று அவன் அவ்வளவு பயந்திருந்தான்.

ஆனால் அவள் வரைந்தது? பெரிய கான்வாஸ் முழுக்க இருட்டு, அதற்குள் முதுகு காட்டி நிற்கும் ஒரு குழந்தை. நாளுக்கு நாள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரைந்தாள். இப்போது அது நேராக இவனைப் பார்த்தது. கணுக்காலோடு படம் முடிந்திருந்தது.

"பாதத்தை ஏன் பூர்ணி போடல?"

"நடக்கணும்ல? அதான் தரையில போட்டேன்." கட்டிலில் சாய்ந்தபடியே, எத்தனையோ நாள் கழித்துப் பேசினாள், சிரித்தாள். "இன்னைக்கு இங்க லக்ஷ்மி பூஜை. எதிர்வீட்டு பெங்காலி அண்ணி, நம்ம பௌதியும் போட்டிருக்காங்க. நம்ம ஊர்ல கோகுலாஷ்டமிக்குப் போடறதுதானே?"

மடக்கிய கையின் ஓரத்தை மாவில் தோய்த்துப் பதித்து, விரல்நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் பாதம். அவனுக்கும் தெரிந்ததுதான். எந்த வீட்டிலும் அவை வாசலிலிருந்து உள்ளே வரும். இவையோ கான்வாஸின் அடியிலிருந்து கிளம்பியிருந்தன. காலையில் சாப்பாட்டு மேஜையோடு நின்றவை, இப்போது படுக்கையறை நிலைப்படி வரை போயிருந்தன.

"மறுபடியும் போட்டியா?"

"அதுக்கப்புறம் நான் கட்டிலை விட்டே எழுந்திரிக்கலையே. அவன் வர்ற நேரமாச்சு, நான் படுத்துக்கறேன்."

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான். துடைத்த இடத்தில் மாவு மறுபடி ஊறி வந்தது. அக்கம்பக்கத்து ஃப்ளாட்டுகளிலிருந்து சங்கொலியும் குலவையும் எழ, அந்தச் சத்தத்துக்கு அடியில், ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிவதுபோல் பச், பச் என்று ஏதோ கேட்டது.

வந்தவனை வெளியே அனுப்பிவிட்டால்?

மாவுக் கிண்ணத்தை எடுத்தான். வாசல் பக்கம் அனுப்ப மனம் வரவில்லை. பௌதி வீட்டில் இரண்டு பிள்ளைகள். கட்டிலருகே தொடங்கி, கூடத்தின் வழியாக, பதினோராம் மாடியின் பால்கனி வரை, விரல்கள் வெளியே பார்த்தபடி இருக்க ஒவ்வொன்றாகப் பதித்தான். அழுகை முட்டியது.

"போயிடுடா கண்ணா. அம்மாவை விட்டுடு."

அடுப்படியில் போய்க் கை கழுவினான். சங்கு நின்றது. குலவை நின்றது.

"பூர்ணி?"

கட்டில் காலி.

அவன் பதித்த பாதங்களுக்குப் பக்கத்தில் பெரிய பாதங்கள். பூர்ணிமாவுடையவை. குழந்தையைக் கைப்பிடித்து நடத்திப் போகும் தாயின் நிதானத்தோடு, சின்னதும் பெரியதுமாக, ஜோடி ஜோடியாக.

பால்கனிக் கதவு திறந்திருந்தது. கைப்பிடிக் கம்பியில் வெள்ளை. வெறும் வானம். பௌர்ணமி நிலா.

கீழே யாரோ "ஓ மா!" என்று அலறினார்கள்.

அவனால் எட்டிப்பார்க்க முடியவில்லை. தலை குனிந்தது. தரையில் இன்னொரு வரிசை. பால்கனியிலிருந்து உள்ளே.

சின்னவை மட்டும்.

கடைசிப் பாதம் அவன் கால் கட்டைவிரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாவது புள்ளி அப்போதுதான் ஊறி வந்தது. முழங்காலுக்குக் கீழே பேன்ட் ஈரமாகி இழுபட்டது. எழுந்து நிற்கப் பழகும் குழந்தை பற்றிக்கொள்ளும் அதே உயரத்தில், மாவு வழிய, ஐந்து குட்டி விரல்களின் தடம்.