தண்ணீரிலிருந்து ஏறி வருபவன்

"செத்தவரு வந்து கேம் ஆடுவாராக்கா?"

கேட்டுவிட்டு மகிழினி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் துண்டில் சுற்றிய ஒரு பி.எஸ்.பி., கையில் வைத்து கேம் ஆடும் கருவி, இருந்தது.

ராயபுரத்தில் ஓர் அச்சகத்தின் மாடியில் தாஹிராவின் துப்பறியும் அலுவலகம். தாஹிரா அவசரப்படாமல் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாள். உதவியாளர் கார்குழலிதான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். பேய் என்றால் அவளுக்குப் பயம். ஆனாலும் கதையைக் கேட்காமல் இருக்க முடியாது.

மகிழினியின் கணவன் வல்லரசு போன வருடம், 2007 மழைக்காலத்தில், நெட்டுக்குப்பம் நண்பர்களோடு படகில் போனான். எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறினார்கள். வல்லரசின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இப்போது வியாசர்பாடியைச் சேர்ந்த அசோகன் என்பவர் மகிழினியைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். அவளுக்கும் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள்.

"அதுக்குள்ள வூட்ல இந்த பேஜாரு" என்றாள் மகிழினி.

வல்லரசுக்குப் பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகள் மேல் பைத்தியம். எப்போதோ ஜப்பானில் விற்று, அங்கேயே மறந்துபோன கருவிகள். அவற்றை அவன் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவற்றைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை பி.எஸ்.பி.யில் போட்டு, அந்த விளையாட்டுகளை பிரவுசிங் சென்டரில் தேடித் தேடி எடுத்துவருவான். கடைசியாக ஆடியது பெயர் படிக்கத் தெரியாத ஒரு விளையாட்டு. சாம்பல் நிறத் திரையில் ஒரு சின்ன மனிதன், அகலமான ஓர் ஆற்றைப் பலகை பலகையாகத் தாண்ட வேண்டும்.

"நடு ஆத்துல ஒரு பலகை மேல வுட்டுட்டுப் போனாரு. நான் ரெண்டு மூணு பலகை தாண்டிட்டு ஆஃப் பண்ணி வெச்சேன். மறுநாள் பாத்தா, பழைய பலகையிலயே நிக்கிறான். அப்பால ஒருநாள் வேணும்னே தண்ணியில தள்ளி வுட்டேன். எல்லா உசுரும் போய் ஆட்டமே முடிஞ்சிச்சு. காலையில எட்த்துப் பாத்தா..." அவள் குரல் இறங்கியது. "அதே எடத்துல ஏறி நிக்கிறான்க்கா."

கார்குழலியின் கை தானாகத் தாலிக் கயிற்றைப் பிடித்தது.

"அத்தைக்கு அத்தக் காட்டிட்டேன். அதான் தப்பாப் போச்சு. 'எம் புள்ள தண்ணியில வுழுந்தாலும் ஏறி வருவான்னு சொன்னேன்ல, இந்த வூட்டுக்கு வந்துகினுதான் கீறான், ஞாயித்துக்கெழம எவனும் வரக்கூடாது'ங்கிறாங்க. அவரு உசுரோட கீறாரா இல்லியா, எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

மறுநாள் மாலை தாஹிராவும் கார்குழலியும் திருவொற்றியூரில் மகிழினி வீட்டுக்குப் போனார்கள். தெருவெங்கும் மெல்லிய கரித்தூள் படிந்திருந்தது. வீட்டில் மகிழினியைத் தவிர மாமியார் பட்டம்மாளும் மாமனார் மண்ணாங்கட்டியும் மட்டும்தான். மண்ணாங்கட்டி ஒரு கிடங்கில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

"இன்னாம்மே, பேசிக்கினே கீற? சோத்த டப்பால லோடு பண்ணு, டைமாவுது" என்றார் மனைவியிடம்.

"ஆமா, டப்பா பாரு, லாரி! தார்ப்பாயி போட்டு மூடட்டுமா?" என்றாள் பட்டம்மாள். வந்தவர்களை முறைத்தாள். "இன்னாத்துக்கு வந்தீங்கன்னு தெரியும். எம் புள்ளய பேய்னு சொன்னா நல்லா கேட்டுப்பேன்."

தாஹிரா கருவியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பொத்தான் ஓரத்து இடுக்கில் பொன்னிறமாக ஏதோ சிக்கியிருந்தது. ஊசியால் எடுத்தாள். ஒரு சணல் பிசிறு. பிறகு விளையாட்டை நிறுத்தி எமுலேட்டரின் பட்டியலைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

கார்குழலியால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள்: "அக்கா, மாமியார்தான்! கல்யாணத்த நிறுத்தணும்னு ராவோட ராவா மாத்தி வெக்கிது."

"அந்தம்மாவுக்கு இத ஆன் பண்ணவே தெரியாது. நான் குடுத்தப்ப தலைகீழா புடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. உள்ள வா, மாமனாரையும் கெளம்ப வேணாம்னு சொல்லு."

ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"உயிரோட இருக்கிற ஒருத்தன் தினம் வந்து ஆடினா, தினமும் ஒரே மாதிரி இருக்காது" என்றாள் தாஹிரா. "இங்க பலகை மட்டுமில்ல, மேல பறக்கிற பறவைகூட அதே ரெக்கையத் தூக்கிக்கிட்டு அதே இடத்துல நிக்குது. இது ஆட்டம் இல்ல, பத்திரப்படுத்தின ஒரு நொடி. வல்லரசு படகுல போறதுக்கு மொத நாள் தேதி அதுல இருக்கு. அத யாரோ திரும்பத் திரும்ப வெளிய எடுக்கிறாங்க."

பட்டம்மாளின் முகம் இறுகியது. "யாரு?"

"சணல் மூட்டை தூக்கிற கை." தாஹிரா மண்ணாங்கட்டியைப் பார்த்தாள். "அண்ணே, ஆடி முடிச்சதும் எதை அமுக்குவீங்க?"

அவர் மறைக்கவில்லை. வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "வேலைக்குப் போவசொல்ல கொஞ்ச நேரம்... புள்ள ஆட்றத பாத்துப் பாத்து கத்துக்கினேன். முடிச்சிட்டா உள்ள பத்திரமா வெக்கணும்ப்பான். லிஸ்டு வரும். அதுல எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு ஒரே வார்த்த. கெடங்கு போர்டுல தெனம் பாக்கறது. லோடு."

"லோடுன்னா?" என்றாள் தாஹிரா.

"இன்னாம்மா, இது தெரியாதா? சரக்க உள்ள ஏத்தறது."

கார்குழலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லாரியில அப்படித்தான் அண்ணே" என்றாள் தாஹிரா. " இதுல லோடுன்னா, முன்னாடி வெச்சத வெளிய எடுக்கிறது. உள்ள வெக்கிறதுக்கு சேவ்னு வேற ஒண்ணு இருக்கு. நீங்க ஒவ்வொரு தடவையும் உங்க ஆட்டத்த ஏத்திட்டதா நெனச்சு, உங்க புள்ள விட்ட இடத்தைக் கொண்டுவந்து வெச்சிருக்கீங்க."

மண்ணாங்கட்டி சோற்று டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அவன அக்கரைக்கு இட்டுகினு போலாம்னுதான்மா ஆடுனேன். எம்மாந்தூரம் போனாலும் மறுநாள் நடு ஆத்துலயே நிக்கிறான். எங்கூட வரமாட்டேன்றான்னு நெனச்சிட்டேன். இவகிட்ட சொன்னா மனசு வுட்ருவா."

பட்டம்மாள் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று கார்குழலி நினைத்தாள். அவள் திட்டவில்லை.

"அப்போ அவரு..." என்றாள் மகிழினி.

"இல்லம்மா" என்றாள் தாஹிரா. "இந்த வீட்டுக்கு யாரும் வரல."

வெளியே தரை அதிர ஒரு கன்டெய்னர் லாரி போனது. திரையில் சின்ன மனிதன் பலகைமேல் காத்திருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் தாஹிரா. "அவர் வெச்சது இந்த ஒரு இடத்துல மட்டும்தான் இருக்கு. இதுமேல சேவ் பண்ணா, அது அழிஞ்சிடும். வேற இடத்துலயும் வெக்கலாம், அப்ப இது அப்படியே இருக்கும். முடிவு உங்களுது."

எல்லோரும் பட்டம்மாளைப் பார்த்தார்கள். அவள் கருவியைக் கையில் வாங்கி, அந்தச் சாம்பல் உருவத்தை விரலால் தடவினாள்.

"ஒரு வருசமா தண்ணி நடுவுல நிக்க வெச்சிகினு கீறோமே" என்றாள். "காலு மரத்துப் போவாது? கரை ஏத்தி வுடுங்க."

மண்ணாங்கட்டி கருவியை வாங்கிப் பார்த்தார். அவரால் முடியவில்லை. மகிழினி வாங்கிக்கொண்டாள். இரண்டு முறை தண்ணீரில் விழுந்தாள். இரண்டு முறையும் பட்டம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை, கடைசிப் பலகையும் கடந்து சின்ன மனிதன் கரைமேல் ஏறினான். அங்கே ஒரு குடிசை, கதவு திறந்திருந்தது. அவன் உள்ளே போனான். திரையில் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மகிழினி பட்டியலைத் திறந்தாள். பழையதை அழித்துவிடவா என்று கருவி கேட்டது. அவள் அழுதுகொண்டே அமுக்கினாள்.

பட்டம்மாள் எழுந்து முந்தானையை உதறினாள்.

"மகிழு, ஞாயித்துக்கெழம வர்றவங்களுக்கு வவ்வா மீனு பிடிக்குமான்னு கேட்டு வை. காசிமேட்டுக்கு நானே போறேன்."