எட்டாவது தடம்

கார் நின்றதும் என் தம்பியின் கால்கள் முதலில் வெளியே வந்தன. மீதி ஆள் வந்து சேரக் கொஞ்சம் நேரமாயிற்று. அப்படி ஒரு உயரம். வீட்டில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர்.

"டிக்கியில இருக்கிற மெஷினை நீயே தூக்குடா. எனக்கு இடுப்பு வலி."

"உனக்கு வேலைன்னா இடுப்பு, விருந்துன்னா வயிறு. வேற உறுப்பே கிடையாதாக்கா?"

சொல்லிக்கொண்டே என் காதைச் சுண்டினான். ஏழு கழுதை வயதாகியும் போகாத பழக்கம். எப்போதும் இடது காதுதான்.

நாங்கள் வந்து நின்றது ஒரு பழைய கோளரங்கத்தின் வாசலில். அக்காவும் தம்பியுமாக நாங்கள் செய்யும் தொழில், பழைய டேப்புகளில் இருப்பதை மீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. டேப்பைப் பக்குவமாக ஓட வைப்பது என் வேலை; அவனுக்குக் கை நடுங்கும். அதிலிருந்து வருவதைப் படித்துப் புரிந்துகொள்வது அவன் வேலை. இதன் வட்டக் குவிமாடத்தில் ஒரு காலத்தில் லேசர் ஒளிக்காட்சி நடந்ததாம். பழுதுபார்த்துத் திறக்கும்போது அந்தப் பழைய காட்சியையே மறுபடி காட்ட ஆசைப்பட்டார்கள்.

மேலாளர் அம்மாள் சாவியோடு காத்திருந்தார்.

"அதை ஓட்டினவரைக் கோட்டுக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. கையாலேயே லேசரை ஆட்டிக் கோடு போட்டு, அந்தக் கை அசைவை டேப்ல பதிஞ்சு வச்சவர். ஒருநாள் ஷோ முடிஞ்சு லைட்டைப் போட்டா ஆளைக் காணோம். செருப்பு மட்டும் மேஜைக்கு அடியில."

"புதுச் செருப்பு வாங்கப் போயிருப்பார்," என்றான் ஒட்டகம்.

அம்மாள் சிரிக்கவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் பட்டப்பகல் வெளியே நின்றுவிட்டது. உள்ளே கரிய வட்ட இருட்டு. கவிழ்த்து வைத்த பெரிய சட்டிக்கு அடியில் நிற்பது போலிருந்தது. நாற்காலிகளின் பழைய ரெக்ஸின் வாசனை. அதற்கும் கீழே, தீய்ந்த முடியின் வாசனை. என் மூச்சு மேலே போய், மாடத்தில் பட்டு, வேறு யாரோ விட்ட மூச்சு போலத் திரும்பி வந்தது.

கோட்டுக்காரரின் மேஜை கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்தது. ஒட்டகம் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, செருப்பை உதறிவிட்டு, ஹெட்போனை வழக்கம்போல ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டான். ஈரம் ஏறிய டேப்பை மிதமான சூட்டில் வாட்டிக் கொண்டுவந்திருந்தேன். அது சமர்த்தாக ஓடியது.

அதில் எட்டுத் தடங்கள். இரண்டில் இசை. இரண்டில் லேசரைத் திருப்பும் கண்ணாடிகளுக்கான கட்டளை: ஒன்று இடம் வலம், ஒன்று மேல் கீழ். மூன்றில் நிறங்கள். எட்டாவது, மறைக்கும் தடம். லேசர் ஒரு பறவையை வரைந்து முடித்துவிட்டு நட்சத்திரம் வரையப் போகும்போது, நடுவில் கோடு தெரியக்கூடாது அல்லவா? எழுதும்போது பேனாவைத் தூக்கி அடுத்த எழுத்துக்குப் போவது போல, அந்த நேரத்துக்கு ஒளியை மறைத்துவிட வேண்டும். அதற்குத்தான் அது.

ஓடி முடித்த டேப் முழுவதும் கம்ப்யூட்டரில் ஏறியது. ஒட்டகம் அதை ஒழுங்குபடுத்தி, மாடத்தின் நடுவில் புதிதாக வைத்திருந்த ப்ரொஜெக்டருக்கும் ஸ்பீக்கர்களுக்குமாக எட்டு ஒயர்களில் அனுப்பினான். தலைக்கு மேலே பச்சைக் கோட்டில் ஒரு பறவை சிறகு விரித்தது. அப்புறம் ஒரு நட்சத்திரம்.

"உயிரோட இருக்குடா!" என்று கை தட்டினேன்.

அவன் கை தட்டவில்லை.

"அக்கா, பாதிக்கு மேல லைட் மறைஞ்சேதான் இருக்கு. பறவையிலேர்ந்து நட்சத்திரத்துக்குப் போக ஒரு கண் சிமிட்டல் போதும். இந்த மனுஷன் மறைச்சுக்கிட்டு எங்கயோ சுத்திட்டு வர்றார்."

எங்கள் தொழிலில் டேப்பில் உள்ள எதையும் பார்க்காமல் விடக்கூடாது. இரைச்சலைக்கூட. அவன் எட்டாவது ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட விட்டான்.

மறைந்திருந்த கோடு தெரிந்தது.

பறவையிலிருந்து கிளம்பிய கோடு நட்சத்திரத்துக்குப் போகவில்லை. மெதுவாக வளைந்து இறங்கியது. ஒரு நாற்காலி முதுகு. ஒரு தாழ்ந்த தோள். குனிந்த தலை. மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், பின்னாலிருந்து பார்த்தால் தெரிகிறபடி.

"தன்னையே வரைஞ்சு வச்சிருக்கார். அந்தக் காலத்து செல்ஃபி!" என்று சிரித்தான். "இது பொக்கிஷம்க்கா. முதல்ல பத்திரப்படுத்துறேன்." நாங்கள் மீட்பதையெல்லாம் சேர்த்து வைக்கும் டிஜிட்டல் காப்பகத்துக்கு ஒரு பிரதியை அனுப்பினான். அங்கே போய்ச் சேர்ந்ததை யாராலும் அழிக்க முடியாது. அதுதான் அந்த இடத்தின் பெருமை.

மறுபடி ஓட விட்டான்.

தோள் உயர்ந்திருந்தது.

கழுத்து நீண்டிருந்தது. அந்த உருவத்தின் ஒரு காதில் மட்டும் ஹெட்போன்.

அவன் கம்ப்யூட்டரில் இருந்ததையும் காப்பகத்துக்குப் போன பிரதியையும் எண் எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தான். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"அக்கா," என்றான் ரகசியம் பேசுவது போல. "அது நான்."

"நிறுத்துடா."

நிறுத்தினான். இசை நின்றது. மாடத்தில் கோடு நிற்கவில்லை. நிதானமாக அவனுடைய வலது கையை வரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, கை மரத்துப் போகுது."

திரை வெளிச்சத்தில் அவன் கையைப் பார்த்தேன்.

இருந்தது.

இல்லை.

இருந்தது.

ப்ரொஜெக்டரிடம் ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே சுழன்ற விசிறி அடங்கியது. மேலே கோடு முழங்கையைத் தாண்டியது.

"இங்க ஓடல. அங்க ஓடுது," என்று திரையைக் காட்டினான். காப்பகத்துக்கு அனுப்பிய பிரதியைப் பிழை இருக்கிறதா என்று அங்குள்ள இயந்திரம் முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு படித்தது என்று திரையில் காட்டும் பட்டை ஒரு இழை நகர, மேலே கோடும் ஒரு இழை நகர்ந்தது.

காப்பகத்துக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் யாரோ டீ கேட்கும் சத்தம்.

"உடனே நிறுத்துங்கம்மா, தயவுசெஞ்சு!"

"சரிபார்ப்பை நடுவுல நிறுத்த முடியாது மேடம். நிறுத்தினாலும் தானா முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். உங்க டேட்டா பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க."

பத்திரமாக.

தம்பியின் வலது தோள் விட்டு விட்டுத்தான் தெரிந்தது. அவன் கத்தவில்லை. அவன் கத்தியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பார்ப்பானே, அதே பார்வையாக என்னைப் பார்த்தான். அக்கா ஏதாவது செய்வாள் என்ற பார்வை.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஏதாவது தப்பாகப் போனால், எதைக் கழற்றியதும் அது தொடங்கியதோ அதைத் திரும்ப மாட்டு. இத்தனை வருடமும் அது என்னைக் கைவிட்டதில்லை.

எட்டாவது ஒயரை எடுத்தேன்.

"அக்கா, அது மறைக்கிற..."

மாட்டிவிட்டேன்.

மாடம் இருண்டது. கோடு போய்விட்டது. "அப்பாடா," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

ஹெட்போன் கீழே விழவில்லை, அதையும் காணோம். மேஜைக்கு அடியில் அவனுடைய செருப்பு மட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக.

ஒயரைப் பிடுங்கினேன். மேலே கோடு வந்தது. நீண்ட முதுகு, ஒரு காதில் ஹெட்போன். நாற்காலியில் யாரும் இல்லை. மாட்டினேன். பிடுங்கினேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை. கடைசித் தடவை அந்த உருவம் தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தது. கோட்டால் ஆன வாய் திறந்து மூடியது. எந்தத் தடத்திலும் சத்தம் வரவில்லை.

திரையில் பட்டை முடிந்திருந்தது. 'பிழை எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மங்கி அணைந்தது. அதன் பிறகு ஒயரைப் பிடுங்கினாலும் மாடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வளர்ந்த ஆள். கோபம் தீர்ந்ததும் வருவார்மா," என்றார். அம்மா இன்னமும் அவன் படுக்கைக்கு உறை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

காப்பகத்துக்கு நடையாய் நடந்தேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன். அழிக்க வழியே இல்லையாம். வழி கிடைத்தால் அழிக்கச் சொல்வேனா என்பதும் எனக்குத் தெரியாது. அவன் இருப்பது அதில் மட்டும்தானே.

கோளரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். மத்தியானக் காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். எட்டுத் தடமும் ஒழுங்காக ஓடுகிறது. பறவையைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள், நட்சத்திரத்தைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். நடுவில் வரும் இருட்டை யாரும் கவனிப்பதில்லை.

நான் தினமும் கடைசி வரிசையில் உட்காருகிறேன். அந்த இருட்டில் என் இடது காதை யாரோ சுண்டுகிறார்கள்.

முதல் நாள் அழுதேன். அடுத்த நாள், "ஒட்டகம், இருக்கியாடா?" என்று கேட்டேன். மறுபடி ஒரு சுண்டு. அது போதும் என்று இருந்தேன்.

போன வாரம், சுண்டிய விரல் போகவில்லை. காதின் ஓரத்திலேயே நின்றது. சில்லென்று இருந்தது. பிறகு மெதுவாக, கை நடுங்காமல் கோடு போடுகிறவரின் நிதானத்தோடு, காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது.

என் தம்பிக்குக் கோடு போட வராது. அவன் கை நடுங்கும்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து எங்கே போக?

நேற்று அது தோளைத் தாண்டிவிட்டது.