சுவரில் ஏறிய சூடு

பூசி மூன்று கிழமையான சுவர் எங்கும் சில்லென்றிருக்க, யன்னலுக்குப் பக்கத்தில் ஓரிடம் மட்டும் உடம்புச் சூட்டில் இருந்தது. ஈரம் காய்ந்துவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்த்த சிவானுஜா, கையை எடுக்க மறந்து நின்றாள். வெளியே ஹனோவர் நகரம் மைனஸ் நாலு பாகையில் உறைந்து கிடந்தது. அந்தச் சுவருக்குள் வெப்பக் குழாய் எதுவும் போகவில்லை.

ஆள் பிடித்துச் செய்வோம் என்று கணவன் யூட் தலைபாடாய் அடித்துக்கொண்டான். அவள் கேட்டால்தானே? நாலு வயது மகள் ஆதிரைக்கு முதன்முதலாய் ஒரு தனி அறை. அதைத் தன் கையாலேயே முடிக்கவேண்டும் என்று பிடிவாதம். புழுதிக்குள் பிள்ளை வேண்டாம் என்று மாமி வீட்டில் விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள்.

முதல் பூச்சுக்குப் பெயின்றைத் தண்ணீராய்க் கரைத்து உருளையால் அடித்தாள். புதுச் சுவர் குடிக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் குடி வேறு. ஈரச் சாந்து மணத்துக்குள் உருளை சளக் சளக்கென்று ஏறி இறங்க, அவள் வாளிப் பக்கம் திரும்பி வருவதற்குள் அடித்த இடம் மறுபடி வெறும் சாம்பலாய் நிற்கும். சூடு இப்போது கதவுவரை வந்திருந்தது. தொட்ட ஒவ்வொரு தடவையும் விரல்கள் இன்னும் கொஞ்சம் மரத்தன. பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, விதான ஓரத்தில் ஒட்டுகிற ஸ்டுக் என்ற வெள்ளை அலங்காரச் சட்டத்தை மூலைக்குச் சரிவாய் அறுத்தபோது வெள்ளையில் சிவப்புக் கோடு விழுந்தது. பெருவிரல் எலும்புவரை பிளந்திருந்தது. நோவே இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த துண்டை அளந்தாள்.

பின்னேரம் மாமி வீட்டிலிருந்து யூட் போன் எடுத்தான். பிள்ளை அம்மா அம்மா என்று அழுகிறாளாம், இன்றைக்கே கூட்டிக்கொண்டு வரட்டோ என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் பிள்ளை வரவே கூடாது. அது சிவானுஜாவுக்கு உள்ளுக்குள் எங்கோ தெளிவாய்த் தெரிந்தது. ஆனால் அந்த நினைப்பும் மரத்துக்கொண்டே போனது.

“ஓம், கூட்டிக்கொண்டு வாங்கோ.”

கடைசிச் சட்டம். ஏணியில் நின்று, பசை பிடிக்கும்வரை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகள் சுவரில் பட்டிருந்தன. சுவருக்குள் மெல்லிய துடிப்பு. நிதானமாய். ஒரு மனுசி நெஞ்சுபோல.

அவள் தன் நெஞ்சைக் கவனித்தாள். அங்கே சத்தம் இல்லை.

கீழே கதவு திறந்தது. படியில் சின்னச் சப்பாத்துகள் தடதடத்தன.

கையை எடு என்று தனக்குள் சொன்னாள். வரவில்லை. தோள் இல்லை. கத்து. நாக்கு இல்லை.

குளிரில் சிவந்த முகத்தோடு ஓடிவந்த ஆதிரை, கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் சுவரில் வைத்தாள். பிறகு கன்னத்தையும்.

“அம்மா, சுவர் சூடாயிருக்கு.”

சிரித்தாள். சிரித்தபடியே நின்றாள். ஏணியில் கைகள் உயர்த்தியபடி சிவானுஜா பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையின் கன்னத்துச் சிவப்பு மெல்ல மெல்லச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.